சாய மீன், கலப்பு மீன்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கடைத் தொட்டியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் எலுமிச்சைப் பச்சையுமாக மீன்கள் நீந்தினால், "இது இயற்கையா, செயற்கையா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியால் அதிகப் பயன் இல்லை. தங்கமீனே சீனத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மனிதன் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கியதுதான். கப்பி, பைட்டர், கோய் எல்லாம் அதே வழியில் வந்தவை. 'இயற்கை' என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் கடையில் பாதி மீனை ஒதுக்க வேண்டிவரும். மீதிப் பாதியில் நடக்கும் வதையோ கண்ணில் படாமலே போய்விடும்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். இந்த நிறத்துக்காகவோ உருவத்துக்காகவோ இதே மீனை யாராவது வதைத்தார்களா? இந்த உடம்பை வைத்துக்கொண்டு அதனால் ஒழுங்காகத் தின்னவும் நீந்தவும் முடிகிறதா? இது பெருகினால், வெளியே போனால், வேறு மீனுக்குக் கேடு வருமா? சாய மீன் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். கலப்பு மீன் அப்படியில்லை; ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'செயற்கை மீன்' என்று திட்டுவது சோம்பேறித்தனம்.

ஊசி போட்ட மீன்

சாயத் தொழிலில் உலகறிய மாட்டிக்கொண்டது நம் பக்கத்து மீன் ஒன்று. கண்ணாடி மீன் என்கிறோமே, விலங்கியலில் பராம்பாசிஸ் ரங்கா, அதுதான். பாகிஸ்தானிலிருந்து மலேயா வரை பரவியிருக்கும் இனம். தமிழ்நாட்டு ஆறு குளங்களிலும் உண்டு. இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். உடம்பு தெள்ளத் தெளிவாக, உள்ளே இருக்கும் முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல இருக்கும். குடலும் மற்ற உறுப்புகளும் ஒரு வெள்ளிப் பைக்குள் சுருண்டிருக்கும். ஆண் மீனின் துடுப்பு ஓரத்தில் லேசான நீலம் ஓடும். இவ்வளவு அழகு போதாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் இந்த மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து, முதுகோரத்திலும் வயிற்றோரத்திலும் ஊசியால் ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். ஒரு மீனுக்கு ஒரு குத்தோடு முடிவதில்லை. கோடு முழுவதும் நிறம் தெரிய வேண்டுமென்றால் வரிசையாகக் குத்த வேண்டும். ஒரே ஊசி அடுத்த மீனுக்கும் போகும். பிழைத்தவை பெட்டியேறி உலகமெங்கும் விற்பனைக்குப் போயின. பிழைக்காதவற்றுக்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

பிரிட்டனில் வெளிவரும் 'பிராக்டிகல் ஃபிஷ்கீப்பிங்' இதழ் 1996-ல் இதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கியது. சாய மீன் விற்க மாட்டோம் என்று கடைகளிடம் உறுதி வாங்கினார்கள். 1990களின் பிற்பகுதியில் அங்கே கடை மீன்களைப் பரிசோதித்தபோது, சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவற்றுக்கு லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய் இருந்தது. துடுப்பிலும் தோலிலும் காலிபிளவர் பூப்போல வெள்ளைக் கட்டி கட்டும் நோய் அது. சாயம் ஏறாத மீன்களில் நூற்றுக்கு சுமார் 10-க்குத்தான் இருந்தது. மீனைக் குத்திய இடம் புண். ஊசி ஒரு மீனின் கிருமியை அடுத்ததற்குக் கொண்டுபோகும் வண்டி. அடிபட்டுக் களைத்த உடம்பு நோயை எதிர்க்காது. காரணம் இவற்றில் எதுவானாலும் பலன் ஒன்றுதான்.

ஊசி மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். நம் கடைகளில் அதிகம் தென்படும் 'கலர் விடோ'வுக்கு வேறு வைத்தியம். விடோ டெட்ராவின் வெளிர் வகையை எடுத்து, மேலே உள்ள வழவழப்பை உரிக்கும் காரக் கரைசலில் முதலில் முக்குவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். உரித்த வழவழப்பு மறுபடி ஊறி வர, உடம்பை உறுத்தும் இன்னொரு கரைசல். மீன் வளர்க்கும் யாருக்கும் தெரியும், அந்த வழவழப்புதான் மீனுக்குக் கவசம். கிருமியையும் ஒட்டுண்ணியையும் தடுப்பது அது; உடம்பின் உப்புச் சமநிலையைக் காப்பதில் அதற்கும் பங்குண்டு. வலையில் பிடிக்கும்போது ஓரிடத்தில் அது போனாலே பூஞ்சை பிடிக்கிறது என்று நாம் பதறுகிறோம். இங்கே முழு உடம்பிலும் வேண்டுமென்றே உரிக்கிறார்கள்.

"மீனுக்கு ஏதுங்க வலி?" என்று கேட்பவர் உண்டு. லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லத் தொடங்கியது. டிரவுட் மீனின் முகத்தில், காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அவர் குழு கண்டது. உதட்டில் தேனீ விஷமோ அசிட்டிக் அமிலமோ செலுத்திய மீன்கள் பக்கவாட்டில் ஆடின, நீண்ட நேரம் இரை எடுக்கவில்லை. அமிலம் பட்டவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. மீன் உணரும் வலி நம் வலியைப் போன்றதுதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அழகுக்காகச் செய்யும் ஒரு காரியத்தில் சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுப்பதால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகு அந்த நிறமாவது நிற்கிறதா? இல்லை. சில மாதங்களில் வெளிறத் தொடங்கும், ஓராண்டுக்குள் பெரும்பாலும் போய்விடும். மீனுக்கும் நஷ்டம், காசு கொடுத்தவருக்கும் நஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதன் நீங்கலான எந்த உயிரினமும் என்று விளக்கம் இருக்கிறது. மீனும் அதில் அடக்கம். தேவையில்லாமல் வலியோ துன்பமோ உண்டாக்குவது 11-ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனையைக் கேட்டால்தான் சிரிப்பு வரும்: முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாத, 50 ரூபாய்க்கு மிகாத அபராதம்.  மீன்தொட்டிக் கடைகளுக்கென்றே மத்திய அரசு 2017-ல் தனி விதிகளை அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே சட்டம் வந்து தடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். தடுக்கும் கை வாங்குபவருடையதுதான்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது? கண்ணாடி மீன் என்றால் முதுகிலும் வயிற்றிலும் பேனாவால் கோடு போட்டது போன்ற பளிச் நிறம் போதும், ஊசிதான். கலர் விடோவாக இருந்தால், ஒரே தொட்டியில் ஒரே இனம் நாலைந்து மிட்டாய் நிறங்களில் இருப்பதே முதல் சந்தேகம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். சாயம் திட்டுத்திட்டாக இருக்கும், ஒவ்வொரு மீனிலும் அடர்த்தி மாறும். அல்பினோ கோரிடோரஸ், பேரட் போன்ற வெளிர் உடம்புக்காரர்கள் நீலத்திலோ ஊதாவிலோ வந்தாலும் சந்தேகப்படுங்கள். பேரட்டின் விலாவில் இதயம், எழுத்து, பூ என்று படம் தெரிந்தால் அது லேசரால் பச்சை குத்தியது. கடைக்காரரிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "இது சாயமா?" என்றால் "இல்லைங்க, பிறவிக் கலர்" என்றுதான் பதில் வரும். "அண்ணா, இது குஞ்சு பொரிச்சா குஞ்சும் இதே கலர்ல வருமா?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் பொய் சொல்லத் தயங்குவார்.

ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆண் ஹார்மோன் கலந்த தீனியால் வளராத குஞ்சுகளும் பெண்களும்கூட ஆண்போல வண்ணம் காட்டும். பிறகு நிறமும் போகும், பலவற்றுக்கு இனப்பெருக்கத் திறனும் போகும். சிறு மீன்கள் எல்லாமே முழு நிறத்தோடு நின்றால் விலகி வாருங்கள். ஸ்பைருலினா, அஸ்டாக்சாந்தின் கலந்த 'கலர் ஃபுட்' மட்டும் வேறு கதை. அது மீனின் சொந்த நிறத்தைத்தான் தூக்கிக் காட்டும், அதில் தவறில்லை.

கலப்பு என்றாலே கெட்டதா?

பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் நம் ஊரில் மீன் வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளின் முதல் தொட்டியில் இருக்கும். கடையில் கிடைக்கும் சிவப்பு ஸ்வார்ட்டெயிலும் பல வண்ணப் பிளாட்டியும் பெரும்பாலும் இந்த இரண்டு மெக்சிகோ வட்டார இனங்களும் கலந்து வந்தவைதான். நன்றாகத் தின்கின்றன, நீந்துகின்றன, குட்டி போட்டுத் தள்ளுகின்றன. கலப்பு என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை ஒதுக்கச் சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இதே ஜோடியில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கரும்புள்ளி உள்ள சில பிளாட்டி வகைகளை ஸ்வார்ட்டெயிலோடு சேர்த்து, பிறந்த குட்டியை மறுபடி ஸ்வார்ட்டெயிலோடே சேர்த்தால், சில குட்டிகளின் கரும்புள்ளி தோல் புற்றுநோயாக வளர்கிறது. மைரன் கார்டன், கர்ட் காஸ்விக் முதலிய அறிஞர்கள் 1920களின் பிற்பகுதியிலேயே இதைக் கவனித்தார்கள். பிளாட்டியில் அந்தப் புள்ளியை அடக்கிவைக்கும் மரபணு வேறிடத்தில் இருக்கிறது. கலப்பில் அது கழன்றுபோகிறது, புள்ளி கட்டுக்கடங்காமல் வளர்கிறது. புற்றுநோய் ஆய்வில் இந்த மீன்கள் இன்றும் பயன்படுகின்றன. உங்கள் தொட்டியில் கரும்புள்ளி மேடிட்டுப் பரவும் குட்டி பிறந்தால், அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள்.

பேரட் மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாஸ்துக்கென்று, வரவேற்பறைக்கென்று அதிகம் விற்பது அதுதான். தைவானில் 1980களின் நடுவில் உருவானது. மத்திய அமெரிக்கச் சிக்லிட் இனங்கள் இரண்டைச் சேர்த்து வந்தது என்பார்கள்; மிடாஸ் சிக்லிட்டும் சிவப்புத்தலைச் சிக்லிட்டும் பெற்றோர் என்பது பரவலான கருத்து. உருண்டை உடம்பு, கிளி மூக்கு, ஆரஞ்சு நிறம். குழந்தைகளுக்குப் பிடித்துவிடும். வாயைப் பாருங்கள்: பல பேரட்டுகளுக்கு அது முழுதாக மூடாது, செங்குத்தான சிறு பிளவாகவே திறந்திருக்கும். வாயால் கடிக்க முடியாததால் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்கிறது. முதுகெலும்பு வளைந்திருக்கும்; நீச்சல் பையும் சரியாக அமையாததால் சில மீன்கள் தத்தளித்துத்தான் நீந்தும். ஆண்களில் பெரும்பாலானவை மலடு. பெண் முட்டையிடும், ஜோடியாகக் காவல் காக்கும், முட்டை வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும்.

இதோடு விட்டார்களா? குஞ்சாக இருக்கும்போதே வாலை வெட்டி 'லவ் ஹார்ட்' என்று விற்கிறார்கள். வெளிர் உடம்பில் சாயம் ஏற்றி 'ஜெல்லிபீன்', 'பப்பிள்கம்' என்று பெயர் வைக்கிறார்கள். வால் வெட்டியதையும் சாயம் ஏற்றியதையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சாதா பேரட்டைப் பற்றி என் தீர்ப்பு: புதிதாக வாங்க வேண்டாம். வாய் மூடாத உயிரை ஆண்டுதோறும் உருவாக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது சரியாகப் படவில்லை. 'கிங்காங் பேரட்' என்ற வகையில் வாய் ஓரளவு சரியாக மூடும். கட்டாயம் ஒன்று வேண்டும் என்பவர் அதைப் பார்க்கலாம். வாங்கும் முன் தீனி போட்டு, தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபிளவர்ஹார்ன் என்ற கலப்பு மீன் 1990களில் மலேசியாவில் வந்தது. நெற்றி மேட்டில் அதிர்ஷ்டம், விலாவின் கரும்புள்ளிகளில் சீன எழுத்து என்று நம்பி ஆசியா முழுதும் விலை ஏறியது. நம் ஊரில் அரோவானாவுக்கு அடுத்த வாஸ்து மீனாக அது குடியேறிவிட்டது. பேரட்டைப் போல உடம்புக் குறை இதற்கு அதிகம் இல்லை. நன்றாகத் தின்னும், வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும், பத்தாண்டு வாழும். குறை அதை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஓரடி வளரும் மீனை, கடை மேசை மேல் இரண்டடித் தொட்டியில், திரும்ப இடமில்லாமல் வைத்திருக்கிறார்கள். நான்கு அடிக்குக் குறைந்த தொட்டியில் ஃபிளவர்ஹார்ன் வைக்கவே கூடாது. மோகம் குறைந்ததும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீர்த்தேக்கங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் மடானோ ஏரிக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழும் பழைமையான ஏரி அது. அங்கே இப்போது ஃபிளவர்ஹார்ன் பெருகி அவற்றை நெருக்குகிறது. மூன்றாவது கேள்வியை மறக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆப்பிரிக்கச் சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. மலாவி ஏரியின் பீகாக் இனங்களில் ஆண்கள் வேறுவேறு நிறம், பெண்களோ எல்லாம் ஒரே சாம்பல். பல இனப் பெண்களை ஒன்றாகப் போட்டால் எது எதோடு சேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் குஞ்சுகளைத் தூய இனப் பெயரில் விற்பது மோசடி. விக்டோரியா ஏரியில் இதன் கனம் இன்னும் அதிகம். 1950களில் அங்கே விடப்பட்ட நைல் பெர்ச் மீன் உள்ளூர்ச் சிக்லிட்டுகளை நூற்றுக்கணக்கான இனங்களாகத் தின்று தீர்த்தது. சில இனங்கள் இன்று தொட்டிகளில்தான் உயிரோடு இருக்கின்றன. தொட்டியில் கலப்பு நேர்ந்தால் அந்த இனத்தின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

கலப்பே இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலூன் மோலி கலப்பு மீன் இல்லை; முதுகெலும்பு குட்டையாகி வளைந்த மோலியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் 'பப்பிள் ஐ' தங்கமீனும் அப்படித்தான். பை கல்லில் உரசிக் கிழிந்தால் புண்ணாகும், பார்வையும் குறுகும். வம்சம் தூய்மையானது என்பதால் மட்டும் ஒரு மீன் சுகமாக இருந்துவிடாது. பிளாட்டியை வாங்குங்கள், பலூன் மோலியை விடுங்கள் என்பேன்.

ஒளிரும் மீன்

சாயமும் இல்லை, ஊசியும் இல்லை, பிறவியிலேயே பளிச்சென்று இருக்கும் மீன் ஒன்று உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் சியுவான் குழுவினர் 1999-ல் ஜெல்லி மீனின் ஒளிரும் புரத மரபணுவை ஜீப்ரா டேனியோவில் புகுத்தினார்கள். தண்ணீர் மாசைக் காட்டும் மீன் செய்வது நோக்கம். அமெரிக்க நிறுவனம் ஒன்று உரிமை வாங்கி 'க்ளோஃபிஷ்' என்று விற்கத் தொடங்கியது. விடோ டெட்ரா, பார்ப் எல்லாம் பிறகு சேர்ந்தன.

முதல் இரண்டு கேள்விகளிலும் இது தேறிவிடும். யாரும் குத்தவில்லை, உடம்பும் சீராகவே இருக்கிறது. மூன்றாவதில்தான் நமக்குச் சிக்கல். ஜீப்ரா டேனியோவின் தாய்நாடு இந்தியாவும் வங்கதேசமும் நேபாளமும். அமெரிக்காவில் தப்பினால் சேர்வதற்குச் சொந்தம் கிடையாது. இங்கே ஓடையிலேயே சொந்தங்கள் இருக்கின்றன. பர்டூ பல்கலைக்கழக ஆய்வு 2015-ல் ஓர் ஆறுதல் சொன்னது: சாதா ஆண்களோடு போட்டியில் சிவப்பு ஒளிர்மீன் ஆண்கள் துணை கிடைக்காமல் தோற்றன, பல தலைமுறைகளில் அந்த மரபணு ஏறக்குறைய மறைந்தது. ஆனால் 2022-ல் பிரேசிலிலிருந்து வந்த செய்தி வேறு. பண்ணைகளிலிருந்து தப்பிய ஒளிர்மீன்கள் அங்கே ஓடைகளில் இனம் பெருக்கிக்கொண்டிருந்தன. நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணு மாற்றிய உயிரினத்தை இறக்குமதி செய்யவும் விற்கவும் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு முன்அனுமதி தர வேண்டும். 'க்ளோ டெட்ரா' விற்கும் கடையில் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பரிதாபப்பட்டு வாங்காதீர்கள்

சாய மீனைப் பார்த்ததும் இளகிய மனசுக்காரர் செய்வது, "பாவம், நம் தொட்டியிலாவது நல்லா இருக்கட்டும்" என்று வாங்கிவருவது. காலியான இடத்துக்கு அடுத்த வாரம் இன்னொரு பெட்டி வரும். கடைக்கணக்கில் பரிதாபத்துக்கு வாங்கியதும் ஆசைக்கு வாங்கியதும் ஒன்றுதான். விற்காமல் தேங்குவது மட்டுமே மொத்த வியாபாரிக்குப் புரியும் பாஷை.

சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளிலோ உங்கள் ஊர்க் கடையிலோ சண்டை போடவும் வேண்டாம். சில்லறைக் கடைக்காரர் பலருக்கு அந்த நிறம் எப்படி வந்தது என்பதே தெரியாது. வந்த பெட்டியைப் பிரித்துத் தொட்டியில் விடுகிறார். விவரத்தைச் சொல்லி, "சாயம் போடாத கண்ணாடி மீன் வந்தால் சொல்லுங்கண்ணா, பத்து எடுத்துக்கிறேன்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சொன்ன வாக்கில் வாங்கவும் வேண்டும். கண்ணாடி மீன் கூட்டமாகத்தான் நிம்மதியாக இருக்கும், பத்து அதற்குச் சரியான எண்ணிக்கை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மீனை வெறுக்க வேண்டியதில்லை. சாய மீனை முதல் சில வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். தண்ணீரைச் சுத்தமாக வைப்பதே அதற்குப் பெரிய மருந்து. லிம்போசிஸ்டிஸ் கட்டிக்குத் தனி மருந்து இல்லை. நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் இருந்தால் பெரும்பாலும் தானே உதிரும், பிய்த்தெடுக்காதீர்கள். பேரட் இருந்தால் மெல்ல மூழ்கும் சிறு உருண்டைத் தீனி போடுங்கள், பாய்ந்து பிடுங்கும் மீன்களோடு சேர்க்காதீர்கள், பட்டினி கிடந்துவிடும். ஒரு பேரட்டுக்கே 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், பத்தாண்டுக்கு மேலும் வாழும் என்பதை நினைவில் வையுங்கள்.

வளர்க்க முடியாத நிலை வந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், வளர்ப்பவர் யாருக்காவது விவரம் சொல்லிக் கொடுங்கள். 'உயிரை விட்டோம், புண்ணியம்' என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். அப்படி வெளியேறிய டேங்க் கிளீனர் மீன் இன்று நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.